நாலாவது ஆள்

வாகரைப் பக்கத்தில் நோபேட்டைப் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. "ரெத்தம் எடுக்கிற மனிசன்" என்றால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். மலேரியா ஒழிப்பு வேலையில் அமய ஊழியராகச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சைக்கிள், ஒரு தகரப்பெட்டி, பெட்டிக்குள் கண்ணாடித் துண்டுகள், ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் போத்தல். காய்ச்சல் என்று கேள்விப்பட்ட மீன் வாடிகளுக்கும் காட்டுச் சேனைகளுக்கும் மிதித்துப் போவார். விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துக் காயவைத்து, பெயரெழுதி, புளியந்தீவிலிருந்த ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் அனுப்புவார். அங்கே நுணுக்குக்காட்டியில் பார்க்கிற மஜீட், நோபேட் அனுப்புகிற கண்ணாடிகளில் பத்துக்கு ஏழில் கிருமி இருக்கிறது, இந்த மனிசன் முகத்தைப் பார்த்தே நோயைப் பிடித்துவிடுகிறார் என்று சொல்லிச் சிரிப்பார்.

இருபத்திரண்டு வருடம் அந்த வேலை. நிரந்தரமாக்குகிற பட்டியல் போகிறபோதெல்லாம் அவருடைய பெயர் எப்படியோ விடுபட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை பார்ப்போம் என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டபோது அடுத்த முறை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. தங்கை றோசம்மாவையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியாக நடந்து பட்டினத்துக்கு வந்தார். றோசம்மாவின் புருசனை ஒரு சுற்றிவளைப்பில் கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டு வரவில்லை. நோபேட் கலியாணம் முடிக்கவில்லை. இருவரும் புளியந்தீவில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள்.

கனகசிங்கம் முதலாளியின் பாமசியில் ஊசி போடவும் புண் கழுவிக் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. நோபேட் அங்கே சேர்ந்தார். கனகசிங்கம் இவரைவிடப் பத்து வயது இளையவர். சுறுசுறுப்பானவர். யாரையும் கோபித்துப் பேசமாட்டார். இவரை "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார். நாலைந்து வருடம் அந்த வேலையில் குறையொன்றும் இருக்கவில்லை.

பிடிபடுகிறவர்களின் தொகை கூடிக்கொண்டே போன காலம் அது. இருந்த சிறையில் இடம் போதாமல், பட்டினத்துக்கு வெளியே வாவிக்கரையில் பூட்டிக் கிடந்த பழைய நெல் ஆலையொன்றைச் சுற்றிக் கம்பி வேலி அடித்து இன்னொரு மறியலாக்கினார்கள். மில் மறியல் என்று சனம் பெயர் வைத்தது. இருநூற்றைம்பது பேர். பாதிப்பேர் வழக்கில்லாமல், விசாரணை என்று வைத்திருந்தவர்கள். அத்தனை பேருக்கும் மருந்து கொடுக்க அரசாங்கத்திடம் ஆளில்லை. டொக்டர்மாரில் பலர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மறியலின் வைத்திய வேலையைத் தனியாரிடம் கொடுப்பதென்று மேலிடத்தில் முடிவாகி, கேள்விப்பத்திரம் கோரினார்கள். அந்த ஒப்பந்தம் கனகசிங்கத்தின் கைக்கு வந்தது. 'சுகநலம் மருத்துவ சேவை' என்று பாமசிக்கு மேலே ஒரு பலகை ஏறியது.

"அண்ணன், இது நம்மட பொடியன்களுக்குச் செய்ற புண்ணியம்" என்றார் கனகசிங்கம். "நீங்கதான் போகோணும். உங்களப் போல அனுபவமுள்ள ஆள் எனக்கு வேற இல்ல."

ஒப்பந்தத்தின்படி கிழமைக்கு இரண்டு தடவை ஒரு டொக்டர் வரவேண்டும். நாளாந்தம் ஒரு மருந்துக்காரர் இருக்கவேண்டும். மருந்து, பஞ்சு, துணி எல்லாம் கம்பனியின் பொறுப்பு. கடும் நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் கம்பனியின் வான் வண்டியில்தான். ஆனால் கைதி தப்பி ஓடிவிடக்கூடும் என்ற பயம் மறியல்காரர்களுக்கு. அதனால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாதம் மூன்று பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் கம்பனிக்குக் கொடுக்கிற தொகையில் வெட்டு விழும். நோபேட் அந்த வரியைக் கேட்டபோது பெரிதாக எடுக்கவில்லை. மாதம் மூன்று பேருக்கு மேல் அப்படி யாருக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தார்.

மில்லுக்குள் போன முதல் கிழமையே விளங்கிவிட்டது. சாக்கு அடுக்கி வைத்திருந்த அறைதான் மருந்தறை. மூலைகளில் உமி இன்னும் கிடந்தது. காற்றடித்தால் எழும்பி மருந்துக் குளிசைகளில் ஒட்டும். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குச் சொறி, வயிற்றோட்டம், இருமல். அடிபட்ட காயங்களும் இருக்கும். அவற்றைக் குளிக்கப் போய் விழுந்தது என்று புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். டொக்டர் மாதம் ஒருநாள் வருவார். வந்து, அதுவரை வராத நாட்களுக்கெல்லாம் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற கடிதத்தாள்களிலும் நாலைந்தில் பெயரும் நோயும் எழுதாமலே கையெழுத்து வைத்துக் கனகசிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் தாள்கள் பாமசி மேசை லாச்சியில் கிடந்தன.

எந்த மூன்று பேர் என்று தீர்மானிக்கிற வேலை நோபேட்டின் தலையில் விழுந்தது. முதல் மாதங்களில் அவருக்கு நித்திரை வரவில்லை. குடல்வால் வலியோடு கிடப்பவனை அனுப்புவதா, இரத்தமாய்த் துப்புகிறவனை அனுப்புவதா? ஒருமுறை கனகசிங்கத்தோடு சண்டை பிடித்து நாலாவது ஆளையும் அனுப்பினார். அடுத்த மாதம் பஞ்சும் துணியும் பாதிதான் வந்தது. "எங்கயோ வெட்டத்தானே வேணும் அண்ணன்" என்றார் கனகசிங்கம், கோபமில்லாமல். அதன் பிறகு நோபேட் சண்டை பிடிக்கவில்லை. மாதம் பிறந்தால் மூன்று என்ற கணக்கோடு மறியலுக்குள் போக அவர் பழகிவிட்டார். பழகிப்போனதுதான் தன் வாழ்க்கையில் தான் செய்த பெரிய பிழை என்று பின்னாளில் றோசம்மாவிடம் சொன்னார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழி. மழை விடாமல் பெய்து, வாவி ஏறி, மில்லின் பின்பக்கச் சுவர்வரை தண்ணீர் நின்றது. நுளம்பு முகத்தில் மோதியது. இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை இரண்டு பேர் ஒருவனைத் தோளில் தாங்கி மருந்தறைக்குக் கொண்டுவந்தார்கள்.

வினாயகமூர்த்தி என்று பெயர். கரடியனாற்றைச் சேர்ந்த வெள்ளாமைக்காரன். இருபத்தாறு வயது. வயலுக்கென்று இரண்டு மூடை யூரியா கொண்டுபோகும்போது ஆமியின் சோதனைச் சென்றியில் பிடித்திருந்தார்கள். யூரியாவில் குண்டு செய்யலாமாம். பதினொரு மாதமாக விசாரணை.

"எத்தின நாளாக் காய்ச்சல்?"

"மூண்டு நாள் ஐயா. முந்தாநாள் விட்டிச்சி. மறுகா நேத்து நடுக்கிச்சி. எலும்பெல்லாம் உடையிற மாதிரிக் கிடக்கு."

நோபேட் அவனுடைய கண் மடலை இழுத்துப் பார்த்தார். வெளிறியிருந்தது. வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்தினார். மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. வாகரைச் சேனைகளில் ஆயிரம் பேரில் பார்த்த முகம். கம்பனி கொடுத்த பெட்டியில் பனடோல்தான் இருந்தது. தன் பழைய தகரப்பெட்டியிலிருந்து கண்ணாடித் துண்டொன்றை எடுத்து, அவன் விரலில் குத்தி, இரத்தத்தைத் தேய்த்துக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தன்னிடமிருந்த குளோரோகுயின் குளிசைகளையும் கொடுத்தார். அன்று மாலையே கண்ணாடியை மஜீட்டின் கையில் சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மஜீட் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தார். அவருடைய முகம் சரியில்லை.

"நோபேட் அண்ணன், இது மூளைக்கு ஏறுற சாதி. பார்த்த இடமெல்லாம் கிருமி. குளிசைய நம்பி வேலயில்ல. ஆஸ்பத்திரியில குயினைன் ஏத்தோணும். இண்டைக்கே."

நோபேட் அந்தத் துண்டோடு நேரே பாமசிக்குப் போனார். கனகசிங்கம் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"இந்த மாசம் மூண்டு பேர் போயிட்டாங்க அண்ணன்."

"தெரியும். இவன் தாங்க மாட்டான்."

"முந்தியும் ஒருக்கா வெட்டுப் பட்டது. தை மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். இப்ப நாலாவது ஆள் எண்டு போனா, நம்மளுக்குச் சமாளிக்க ஏலா எண்டு எழுதிருவாங்க. ஒண்டாந்தேதி காலமைக்கு முதல் ஆளா அனுப்புவம். எட்டு நாள்தானே இரிக்கி."

"எட்டு நாள் இரிக்க மாட்டான் எண்டுதானே சொல்றன்."

"குளிசையக் கூட்டிக் குடுங்க. உங்கட கைராசி எனக்குத் தெரியும்."

அங்கிருந்து மில்லுக்குப் போய் ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர் சிங்களவர். கெட்ட மனிதர் இல்லை. டொக்டரின் கடிதம் இல்லாமல் பயங்கரவாதச் சட்டத்தில் வைத்திருக்கிற ஒருவனைக் கேற்றுக்கு வெளியே விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். "கடிதம் கொண்டு வாங்க. ரெண்டு பொலிசும் நான் தாறன்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். நத்தார்ப் பண்டிகை முடிந்துதான் வருவார்.

புதன்கிழமை வினாயகமூர்த்தி குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனது. நோபேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வட்டைக்குள்ள தண்ணி ஏறிட்டாம், வரம்ப வெட்டி விடச் சொல்லுங்க" என்றான். அவன் மில்லுக்குள் கிடப்பது அவனுக்கு மறந்து போயிருந்தது.

அன்று பின்னேரம் நோபேட் பாமசிக்கு வந்தபோது கனகசிங்கம் தேத்தண்ணி குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார். கடையில் வேறு ஆளில்லை. மேசை லாச்சி பூட்டியிருக்கவில்லை. உள்ளே கையெழுத்து வைத்த தாள்கள் கிடக்கும் என்று நோபேட்டுக்குத் தெரியும். ஒரு தாளை எடுத்து, பெயரையும் நோயையும் எழுதி, ஜெயிலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் பொழுதுபடுமுன் ஆள் ஆஸ்பத்திரியில். லாச்சியின் பிடியில் கைகூட வைத்தார். கள்ளக் கடிதம் என்று பிடித்தால்? இந்த வேலையும் போனால் றோசம்மாவும் தானும் எங்கே போவது? ஐம்பத்திரண்டு வயதில் யார் தன்னை எடுப்பார்கள்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டார்.

"நல்ல நேரம் வந்தீங்க அண்ணன்" என்று கனகசிங்கம் ஒரு கேக் பெட்டியை நீட்டினார். "நத்தாருக்கு. றோசம்மா அக்காட்டயும் சொல்லுங்க."

வியாழக்கிழமை நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். விடுமுறை. நோபேட் பூசைக்குப் போனார், வந்தார், தங்கை சமைத்த கோழிக்கறியில் சோற்றைப் பிசைந்தார். மறியலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சட்டையைப் போட்டார். போய் என்ன செய்வது, கையில் ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவையும் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் போய்ச் சேர்ந்தபோது வினாயகமூர்த்திக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. விறைத்து, தளர்ந்து, திரும்ப விறைத்தான். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் அவன் பல்லுக்கிடையில் துணியைத் திணித்திருந்தார்கள். ஜெயிலர் கடிதத்தைக் கேட்காமலே ஜீப்பை எடுக்கச் சொன்னார். ஜீப்பில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

பின்னேரம் கனகசிங்கம் புதுப் புத்தகமொன்றோடு மில்லுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு நோபேட்டின் பக்கத்தில் இருந்தார். குரல் உயரவே இல்லை.

"பழசு மழையில நனஞ்சி போச்சி அண்ணன். இதில எழுதுங்க. வெள்ளிக்கிழமை காலமைதான் காய்ச்சல் எண்டு வந்தவன். வந்த உடன மருந்து குடுத்த. டொக்டர் புதன்கிழமை வந்து எல்லாரையும் பார்த்தவர், அண்டைக்கு இவன் ஒண்டும் சொல்லல்ல. அவ்வளவுதான்."

நோபேட் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னாலும் அதையே சொன்னார். திடீர்க் காய்ச்சலால் வந்த இயற்கை மரணம் என்று முடிந்தது.

பிரேதத்தை எடுக்க வினாயகமூர்த்தியின் பெண்சாதி வந்தாள். கண்ணகை என்று பெயர். இருபத்துமூன்று வயதிருக்கும். இரண்டு வயதுப் பெண்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு, சென்றிகளில் இறங்கி ஏறி, ஒருநாள் முழுக்க வந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் யாரோ நோபேட்டைக் காட்டியிருக்க வேண்டும். நேரே வந்தாள்.

"நீங்களா ஐயா இவருக்கு மருந்து குடுத்த?"

"ஓம்."

அவள் அழவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள். "அதுக்குள்ள கிடந்து பாக்க ஆளில்லாமச் செத்துட்டாரோ எண்டு யோசிச்சிக்கிட்டு வந்தன். நீங்க இரிந்திரிக்கீங்க. அது காணும் ஐயா."

நோபேட் கதவைத் தள்ளிப் பிடித்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நாலு மாதம் அவர் அந்த மருந்தறைக்குப் போய் வந்தார். தை மாதம் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். நோபேட் கதைப்பதைக் குறைத்துவிட்டார். நற்கருணை நன்மை எடுக்க எழும்புவதில்லை. பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வந்துவிடுவார். றோசம்மா கேட்டால் நாரி நோ, நிற்க ஏலாது என்பார்.

சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமை இருக்கும். கேற்றில் நிற்கிற காவல்காரன் கூப்பிட்டு, ஓலையால் மூடிக் கட்டிய ஒரு சட்டி எருமைத் தயிரை அவர் கையில் கொடுத்தான். கரடியனாற்றிலிருந்து வேறொருவனைப் பார்க்க வந்த ஆட்களிடம் புருசன் செத்த ஒரு பிள்ளை கொடுத்துவிட்டதாம். மில் மறியலில் மருந்து கொடுக்கிற ஐயாவுக்கு என்று சொல்லியாம்.

சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். றோசம்மா ஓலையை அவிழ்த்துப் பார்த்தாள்.

"நல்ல ஏடு பிடிச்ச தயிர். யாரு தந்த?"

"நான் சாகவிட்ட ஒருவன்ட பெண்சாதி."

அன்றுதான் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். றோசம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "என்ட மனிசனுக்கு என்ன நடந்த எண்டு தெரிஞ்ச ஒருவன் எங்கயோ இரிப்பான் அண்ணன்" என்றாள். "எட்டு வருசமா அவன் வந்து சொல்லுவானெண்டு நான் வாசலப் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கன்." தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோபேட் வாவி தாண்டிப் படுவான்கரைக்குப் போனார். கறுத்தப்பாலத்துச் சென்றியில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அக்கரைக்கு மருந்து போகத் தடை. தலையிடிக்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த நாலு பனடோலை எடுத்துக்கொண்டு, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒரு உழவு மெசினில் இடம் கேட்டு ஏறி, கரடியனாற்றில் இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்.

கண்ணகை முற்றத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. பாய் எடுக்க ஓடினாள்.

"இரிக்க வரல்ல பிள்ளை" என்றார் நோபேட். "நிண்டுக்கிட்டே சொல்லிருவன்."

திங்கட்கிழமையிலிருந்து தொடங்கினார். மஜீட்டின் துண்டு, மூன்று பேர் கணக்கு, டொக்டரின் வெறுங்கடிதங்கள், லாச்சிப் பிடி, கேக் பெட்டி, புதுப் புத்தகம். எதையும் விடவில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே அவள் குனிந்து நெல்லைக் காலால் கிளறத் தொடங்கினாள். ஒரு பக்கமாகக் கிளறி, கிறுகி, மற்றப் பக்கமாகக் கிளறினாள். சொல்லி முடிந்த பிறகும் கிளறினாள்.

"அப்ப, தெரிஞ்சி ரெண்டு நாள் விட்டிரிக்கீங்க."

"மூண்டு நாள்."

"நத்தாருக்கு நீங்க வீட்டயா இரிந்த?"

"ஓம்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்ட."

அவள் நிமிர்ந்தாள். "நான் உங்களக் கும்பிட்டனே" என்றாள். குரல் உடைந்தது அந்த இடத்தில்தான். "என்ட ரெண்டு கையாலயும் கும்பிட்டனே. அப்பயாவது சொல்லியிரிக்கலாந்தானே. போங்க ஐயா. போயிருங்க இங்கரிந்து."

நோபேட் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு இறங்கிவிட்டார். பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. கண்ணகை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத கோட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

"உங்களையும் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும் பிள்ளை."

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. புளியந்தீவில் மறியல்காரரின் வழக்குகளை எடுத்துப் பேசுகிற ஒரு பெண் சட்டத்தரணி இருந்தார். அவரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். சட்டத்தரணி வாசித்துவிட்டு, "இதில முதல் மாட்டுப்படுறது நீங்கதான், விளங்குதா?" என்று கேட்டார். விளங்குகிறது என்றார். அங்கிருந்து மஜீட்டிடம் போனார். மஜீட் அலுமாரியைத் திறந்து தடித்த பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தார். வினாயகமூர்த்தி, ஆண், இருபத்தாறு, மில் மறியல். பக்கத்தில் சிவப்பு மையில் கிருமியின் பெயர். தேதி, இருபத்துமூன்று.

"இது நனையிற புத்தகம் இல்ல" என்றார் மஜீட். "கண்ணாடியும் பத்திரமா இரிக்கி. கோட்டுல கேட்டாக் கொண்டு வருவன்."

செய்தி கனகசிங்கத்தின் காதுக்கு இரண்டு நாளில் போயிற்று. அவர் நேரே வீட்டுக்கு வந்தார். றோசம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். பயமுறுத்தவில்லை.

"யோசிச்சுப் பாருங்க அண்ணன். புத்தகத்தில இரிக்கிறது யார்ட கையெழுத்து? விசாரணையில சத்தியம் பண்ணினது யாரு? நான் எங்கயும் ஒண்டும் எழுதல்ல. உங்களுக்காகத்தான் சொல்றன்."

"தெரியும் முதலாளி" என்றார் நோபேட். "நீங்க எழுதவேயில்ல. எழுதின நான்தான்."

வழக்கு இழுபட்டது. தவணை தவணையாய்ப் போனது. பாதை பூட்டினால் கண்ணகையால் வர முடியாது. கடையடைப்பு, கர்த்தால் என்றால் நீதிமன்றம் இல்லை. நோபேட் அந்த ஒன்றரை வருடமும் கல்லடியில் ஒரு ஐஸ் வாடியில் மீனுக்குக் கட்டி உடைத்தார். பாமசிக்காரர் யாரும் அவரை எடுக்கவில்லை. ஒரு தவணைக்கும் அவர் வராமல் விடவில்லை. கண்ணகை வந்தபோதெல்லாம் வராந்தாவின் மற்றக் கோடியில் போய் இருந்துகொள்வாள்.

டொக்டர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். கம்பனி சார்பில் பேசியவர், மருந்துக்காரர் நோயைத் தெரிந்துகொண்டும் கம்பனிக்கு எழுத்தில் அறிவிக்கவில்லை, அறிவித்திருந்தால் உடனே வான் போயிருக்கும் என்றார். எழுத்தில் அறிவித்ததற்கு நோபேட்டிடம் ஒன்றும் இல்லை. மஜீட்டின் துண்டு கனகசிங்கத்தின் கைக்குப் போனது போனதுதான். ஆனால் மஜீட் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சாட்சிக் கூட்டில் ஏறினார். வெள்ளிக்கிழமை காலைதான் காய்ச்சல் என்ற கதை அந்த ஒரு வரியில் உடைந்தது. ஜெயிலரும் மாற்றலாகிப் போன இடத்திலிருந்து வந்து, செவ்வாய்க்கிழமையே இந்த மனிதர் தன்னிடம் கெஞ்சியது உண்மை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. மரணத்துக்குக் காரணம் மூளையைத் தாக்கிய மலேரியா, உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்காதது என்று மரணச் சான்றிதழைத் திருத்தும்படி நீதவான் சொன்னார். காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் எண்ணிக்கை பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். கம்பனிமேல் சுமத்தியது எழுத்தில் நிரூபணமாகவில்லை. பொய்ப் பதிவு எழுதியது, பொய்ச் சத்தியம் செய்தது இரண்டுக்கும் நோபேட் குற்றவாளி. ஒரு வருட மறியல், அவரே முன்வந்து சொன்னதற்காக ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மருந்து வேலை எதிலும் இனி அவர் இருக்கக்கூடாது.

சுகநலம் என்ற பலகையைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த வருடக் கேள்விப்பத்திரம் வேறொரு பெயருக்குப் போனது. அது கனகசிங்கத்தின் மச்சானுடைய கம்பனி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தீர்ப்பு நாளன்று பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. நோபேட் நனைந்து வீட்டுக்கு வந்தார். றோசம்மா துவாயைக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை வந்ததா?" என்று கேட்டாள்.

"வந்த. சட்டத்தரணியிட்டக் கடதாசிய வாங்கி எழுத்துக் கூட்டி வாசிச்சா. புருசன்ட பேர் சரியா இரிக்கா எண்டு ரெண்டு தரம் கேட்டா."

"உங்களோட கதைச்சாவா?"

நோபேட் தலையைத் துவட்டினார்.

"இல்ல. ஏழு மணிக்குள்ள பாலம் தாண்டோணும், பஸ் போயிரும் எண்டு போயிட்டா."

றோசம்மா அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையை இறக்கினாள். அவர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, வாசலில் நின்று மழையைப் பார்த்தார். இந்த மழைக்குப் பாதையில் தண்ணீர் ஏறாமல் இருக்க வேண்டும், அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.